கண் எனும் அமானிதம்: வலிக்கும்வரை காத்திருப்பது தவக்குலா?

 

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் சகோதரர்களிடம் கண்ணைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டால், பலரும் சொல்லும் பதில் இதுதான்: "நல்லாத்தானே தெரியுது ஹஜ்ரத். இல்லாத நோயை ஏன் தேடிப் போகணும்? அல்லாஹ் பார்த்துக்குவான்." இது தவக்குலா, அலட்சியமா?

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்பலாமா என்று கேட்டவருக்கு, முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு நம்பிக்கை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள் (திர்மிதீ). ஒட்டகம் ஓடினால் தெரிந்துவிடும். பார்வை போவது அப்படித் தெரியாது. கண் நீர் அழுத்தம் எனும் குளுக்கோமாவில் பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப் பார்வைதான் முதலில் சுருங்கும். போன பார்வை திரும்பாது. மிச்சத்தைத்தான் காக்க முடியும். சர்க்கரை நோயும் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சத்தமில்லாமல் கெடுக்கும். சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் டாக்டருக்கு அந்தக் குழாய்கள் நேராகத் தெரியும். தமக்குச் சர்க்கரை இருப்பதையே கண் டாக்டர் சொல்லி அறிந்தவர்கள் உண்டு. ஆகவே, வலி இல்லை என்பது நோய் இல்லை என்பதற்கு ஆதாரமல்ல.

"பார்வையை இழந்து பொறுமை காப்பவருக்குச் சுவர்க்கம் உண்டே?" என்று கேட்கலாம். உண்மைதான் (புகாரீ). பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள், பாங்கு சொல்லும் சிறப்பைப் பெற்றவர்கள். ஆனால் பொறுமை என்பது, வந்துவிட்ட சோதனையைத் தாங்குவது. கையில் இருப்பதைக் கவனிக்காமல் இழப்பதற்குப் பெயர் பொறுமையல்ல. செவி, பார்வை, உள்ளம் பற்றி விசாரணை உண்டு என்கிறது குர்ஆன் (17:36). எதைப் பார்த்தோம் என்பது மட்டுமா கேள்வி? கொடுத்த அமானிதத்தை எப்படிக் காத்தோம் என்பதும்தான்.

இதில் அடுத்தவர் ஹக்கும் இருக்கிறது. இரவு ஷிப்டில் கம்பெனி பஸ் ஓட்டுபவர், ஃபோர்க்லிஃப்ட் இயக்குபவர், வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் டிரெய்லர் ஓட்டுபவர் ஆகியோரின் கண்ணை நம்பித்தான் பிறர் உயிர் இருக்கிறது. கண்ணைப் பார்க்காமலேயே லைசென்ஸுக்கு மருத்துவச் சான்று வாங்குவதும் கொடுப்பதும் பொய்ச் சாட்சியம்.

லீவு போட்டால் சம்பளம் போகும், குறை தெரிந்தால் வேலையே போகும் என்று காண்ட்ராக்ட் தொழிலாளி பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது. எனவே இந்த ஸஃப்பில் நிற்கும் சூப்பர்வைசர்களே, காண்ட்ராக்டர்களே! பரிசோதனைக்குப் போகிறவரின் கூலியைப் பிடிக்காதீர்கள். குறை தெரிந்தால் வேறு வேலை கொடுங்கள். தொழிலாளியின் கண்ணைக் காப்பது அவர் மீது மட்டுமல்ல, உங்கள் மீதும் பொறுப்பு.

சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்களும், பெற்றோருக்குக் குளுக்கோமா இருந்தவர்களும் தாமதிக்காதீர்கள். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பார்வையைப் பாதுகாத்து, அதை உனக்குப் பொருத்தமான வழியில் செலவிட அருள்வாயாக. ஆமீன்.