கண்ணொளியும் தயா தத்தியும்



1917-இல் அமெரிக்காவில் தோன்றிய அரிமா சங்கம், பார்வையற்றோர்க்குத் துணைநிற்கும் தொண்டினை மேற்கொண்டது 1925-இல் ஆகும். அவ்வாண்டு மாநாட்டிற்கு வந்த ஹெலன் கெல்லர் அம்மையார் நேரில் வேண்டியதே அதற்குக் காரணம். இன்று அச்சங்கத்தார் நம் ஊர்களில் நடத்தும் கண் சிகிச்சை முகாம்கள் அவ்வேண்டுகோளின் வழிவந்தவையே.

முனிவர்க்கும் விரதியர்க்கும் அளிப்பதன்றோ தானம், சங்கத்தார் பணியில் சிராவகர்க்கு என்ன வேலை என்று நம்மவருள் சிலர் வினவுகின்றனர். ஆதிபுராணம் இயற்றிய ஜினசேனாசாரியர் தானத்தை நால்வகைப்படுத்தியபொழுது, பாத்திர தத்திக்கும் முன்னர் தயா தத்தியையே வைத்தார். துன்புறும் உயிர் எதுவாயினும் அதன் அச்சம் நீக்குதலே தயா தத்தி. கண்புரையால் வழி தெரியாது நிற்கும் மூதாட்டியிடம் குலமும் விரதமும் கேட்பார் உண்டோ? சங்கத்தின் இரவு விருந்தை நம் இளைஞர் விலக்கட்டும். தொண்டினை விலக்க வேண்டா.

ஆயினும், கண்ணிற் கட்டுடன் இருப்போரைப் பதாகையின் கீழ் வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. தானத்தின் பயனை வேறுபடுத்துவனவாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் நான்கனுள் விதியே முதலாவது. கொடுக்கும் முறையில் மானக் கஷாயம் புகுந்தால், பெறுபவர்க்கு நாணம், கொடுப்பவர்க்கு வினைக்கட்டு.

அறுவை முடிந்து வீடு திரும்பிய முதியோர் பலர்க்குச் சொட்டு மருந்து இட ஆளில்லை. முகாம் கலைந்தபின் வேளைதோறும் அவ்வீடுகளுக்குச் செல்ல நம் பிள்ளைகளை அனுப்புங்கள்.