என்ன சோப்பு போட்ட?

குழந்தையின் கன்னம் பொரிப்பொரியாகத் தடித்தால் வீட்டில் முதலில் எழுகிற கேள்வி இதுதான். அது யாரிடம் போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அப்பாவிடம் போவதில்லை. காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டிய ஆயாவிடம்கூட அரிதாகத்தான் போகும். பெற்றவளிடம்தான் போகும். மாமியார் கேட்பார், நாத்தனார் போனில் கேட்பார், லிஃப்டில் பார்க்கிற எதிர்வீட்டுக்காரரும் கேட்பார். தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். 'நீ' என்று சொல்லாமலே குற்றம் அவளிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கேள்விக்குள் ஒரு நியாயம் பதுங்கியிருக்கிறது: தேர்ந்தெடுத்தவள் நீ, விளைவுக்கும் நீயே பொறுப்பு. ஆனால் தேர்வு என்று ஒன்று நடக்க வேண்டுமானால், தேர்பவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்திருக்க வேண்டும். தெரிகிறதா?

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் ஏதாவது ஒரு மருந்துக்கடையில் நின்று பாருங்கள். குழந்தைகளுக்கான அலமாரியில் எல்லாப் புட்டியும் மென்மை என்கிறது. சில புட்டிகள் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்கின்றன, அதாவது ஒவ்வாமை தரும் வாய்ப்புக் குறைவு. இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1975இல் அமெரிக்காவின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இப்படி எழுத வேண்டுமானால் சோதித்து நிரூபிக்க வேண்டும் என்று விதி செய்தது. ஒப்பனைப் பொருள் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1977இல் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. விதி போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. அங்கே இன்றும் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி வரையறை இல்லை. சொற்பொருள் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிற எனக்கு, பொருளே இல்லாத ஒரு சொல் இத்தனை விலைக்கு விற்பது வியப்பாக இருக்கிறது. பட்டியலில் 'பெர்ஃப்யூம்' என்று ஒற்றைச் சொல் இருக்கும். அதற்குள் பல வேதிப்பொருட்கள் அடங்கியிருக்கலாம். சட்டென்று தடிக்கிற தோலுக்கு வாசனையே ஆகாது என்பது தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. குழந்தை வாசனை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி அந்தப் பெர்ஃப்யூம்தான்.

1972இல் பிரான்சில் மோராஞ்ஜ் என்ற குழந்தைப் பவுடரில், தயாரிப்பில் நேர்ந்த தவறால் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி 6 சதவீதத்துக்கு மேல் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் இறந்தார்கள். அந்த டப்பாக்களைத் தட்டியவர்கள் அக்கறையில்லாத தாய்மார்கள் அல்ல. அக்கறை மிகுந்தவள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தட்டியிருப்பாள்.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமா? 2018இல் மகாராஷ்டிர உணவு மருந்து நிர்வாகம் ஜான்சன்ஸ் பேபி பவுடர் மாதிரிகளை எடுத்தது. அமில காரத் தன்மை குழந்தைகளுக்கான அளவில் இல்லை என்று சொல்லி, முலுண்ட் ஆலையின் உரிமத்தை ரத்து செய்தது 2022 செப்டம்பரில். வழக்கின்போது நடந்த மறுசோதனையில் மாதிரிகள் தேறின. 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து உத்தரவை நீக்கியது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே என் வாதமில்லை. ஆய்வகங்களும் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் நான்கு வருடம் எடுத்துக்கொண்ட ஒரு கேள்விக்கு, கையில் அழுகிற பிள்ளையோடு நிற்பவள் கடை முன் அரை நிமிடத்தில் விடை சொல்லியாக வேண்டும் என்கிறோம்.

'அதுக்குத்தான் அந்தக் காலத்துக் குளியல் பொடி' என்று ஒரு குரல் இந்த இடத்தில் எழும். அந்தக் குரலும் பெரும்பாலும் பெண் குரல்தான், அதனால் அதை மரியாதையோடுதான் மறுக்க வேண்டும். பயத்தம் மாவு நல்லதுதான், ஆனால் வறண்ட தோலில் பரபரவென்று தேய்த்தால் புண்ணாகும். பளிச்சென்று தெரிய மஞ்சள் தூளில் லெட் குரோமேட் கலப்பது இந்தியாவிலும் வங்கதேசத்திலும் ஆய்வுகளில் பிடிபட்டிருக்கிறது. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று எவ்வளவு அழகான பெயர்! அதிலுள்ள அசரோன் என்ற பொருளால் 1968இல் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை செய்தது. நாமோ உரசி நாக்கில் தடவுகிறோம். தவிர, அந்தப் பொடியின் நோக்கம் பல வீடுகளில் தோலின் நலமே இல்லை, நிறம். பெண் குழந்தை கறுப்பென்றால் தேய்ப்பும் கூடும்.

கரப்பான் வரும் குழந்தைகள் பலருக்கு அது குடும்பத்தோடு வருவது. தோலின் தடுப்புச் சுவரைக் கட்டும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாட்டுக்கும் கரப்பானுக்கும் உள்ள தொடர்பு 2006இல் கண்டறியப்பட்டது. அந்தக் குறை அப்பா வழியிலும் வரலாம் (இதை மாமியாரிடம் சொல்லிப் பார்த்தவர்கள் விளைவை எனக்கு எழுதுங்கள்). 2020இல் லான்செட் இதழில் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு வந்தது. கரப்பான் வர வாய்ப்பு அதிகமுள்ள சுமார் 1,400 குழந்தைகளில் பாதிப் பேருக்கு முதல் வருடம் முழுக்கத் தினமும் ஈரப்பத களிம்பு பூசச் சொன்னார்கள். இரண்டு வயதில் பார்த்தால், பூசிய குழந்தைகளில் 23 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 25 சதவீதத்தினருக்கும் கரப்பான். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வந்த கரப்பானைக் களிம்பு தணிக்கும், அது வேறு. வராமல் தடுக்க அந்தத் தாய்மார்கள் ஒரு வருடம் விடாமல் உழைத்தும் முடியவில்லை. அவர்களிடமும் போய் என்ன சோப்பு போட்ட என்று கேட்கலாமா?

உறுதியாகச் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமான குளியல், வாசனையில்லாத ஒரே ஒரு சோப்போ திரவமோ, தோல் வறண்டிருந்தால் துடைத்ததும் வாசனையில்லாத களிம்பு. பவுடர் வேண்டாம், அதை மூச்சில் இழுப்பதும் ஆபத்து. குணமாகவில்லையென்றால் மருத்துவர். இன்னொன்றும் உண்டு. பாடநூல் சொல்வதுபோல் நம் தோலில் கரப்பான் சிவப்பாகவே தெரியாது. சாம்பலாக, கருநீலமாக, வெறும் கருமையாகத் தெரியலாம். 'நிறம் மங்கிடுச்சு' என்று பாட்டி சொல்வது சில சமயம் நோயின் அறிகுறி. இவ்வளவுக்கும் புட்டிகள் நிறைந்த அலமாரி தேவையில்லை. பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாய்ப் படியும் எங்கள் பகுதி போர் தண்ணீரைப் பற்றி எந்தப் புட்டியிலும் எழுதியிருப்பதில்லை.

பிள்ளைத்தமிழில் முதல் பருவம் காப்பு. குழந்தையைக் காக்கச் சொல்லித் திருமால் தொடங்கித் தெய்வங்களை வரிசையாக அழைப்பார் புலவர். ஒரு சிசுவைக் காப்பது ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை என்பது அந்த மரபுக்குத் தெரிந்திருந்தது. அத்தனை தெய்வங்களின் வேலையையும் இன்று ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டு, அதற்குத் தேர்வுச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

தேர்வே இல்லாதவளின் நிலை? 2015இல் தமிழக அரசு, அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் பெண்களுக்கு 16 பொருட்கள் கொண்ட குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கியது. குழந்தைக்குத் துண்டு, சட்டை, கொசுவலை, எண்ணெய், ஷாம்பு, சோப்பு. தாய்க்கும் ஒரு சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தன. பெற்றவளுக்கும் உடம்பு இருக்கிறது என்று நினைவு வைத்த அந்த லேகியத்துக்காகவே எனக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கும். அதிலிருந்த குழந்தை சோப்பைத் தேர்ந்தெடுத்தவள் தாய் அல்ல, வாங்கித் தந்தது அரசு. பிள்ளைக்குத் தடித்தால் கேள்வி மட்டும் அரசு அலுவலகம் எதற்கும் போகாது. பொது வார்டில், பெட்டகத்தைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு படுத்திருப்பவளிடம்தான் வரும்.