சுவரைத் தொடும்வரை ஓயாதே!

தேர்தல் முடிவு நாளிலும் கிரிக்கெட் வர்ணனையிலும் 'நெக் டு நெக்' என்று கேட்டுப் பழகியிருப்பாய். பந்தயக் குதிரைகள் இரண்டு கழுத்துக்குக் கழுத்து சரியாக ஓடிவரும், எது முந்துகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அந்த நிலையைச் சொல்லும் தொடர் அது. உன் வாழ்விலும் அப்படியொரு போட்டி வரும். வந்தால் நடுங்காதே! உன்னைவிடப் பெரியவனோடு சரிக்குச் சரியாக நிற்கிறாய் என்று நெஞ்சை நிமிர்த்து!

பெய்ஜிங், 2008 ஆகஸ்ட் 16. ஒலிம்பிக் ஆண்கள் 100 மீட்டர் பட்டர்ஃப்ளை நீச்சல், இறுதிப் போட்டி. பாதித் தூரத்தில் செர்பியாவின் மிலோராட் சாவிச் முதலிடம். அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ்? ஏழாமிடம்! எட்டுப் பேரில் ஏழாவது. அவர் மனம் தளரவில்லை. வீச்சுக்கு வீச்சு நெருங்கி வந்தார். சுவர் கைக்கெட்டும் தூரத்தில். சாவிச் இரு கைகளையும் நீட்டி நீரில் வழுக்கிக்கொண்டே சுவரை நோக்கிப் போனார். ஃபெல்ப்ஸோ இன்னும் ஓர் அரை வீச்சு போட்டார். நீருக்கு மேலே சுழன்று வந்த கைகள் சுவரிலிருந்த தொடுபலகையில் ஓங்கி அறைந்தன. 50.58 விநாடி. சாவிச்சுக்கு 50.59! செர்பிய அணி முறையிட்டது. படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் முடிவு மாறவில்லை. கடிகாரத்தை நிறுத்த அந்தப் பலகையை உரசினால் போதாது, அழுத்த வேண்டும்.

சாவிச் திறமையில் குறைந்தவர் அல்லர். வழுக்கியபடி போன அந்த ஒரு கணம்தான் தங்கத்தைத் தட்டிப் பறித்தது. நீ என்ன செய்கிறாய்? தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போதே 'முடித்தாயிற்று' என்று புத்தகத்தை மூடுகிறாய். எழுதிய விடையைத் திருப்பிப் பார்க்காமல் மணியடிக்கும் முன்பே எழுந்து வருகிறாய். உட்கார்! கடைசி நிமிடமும் உன்னுடையதுதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே!

அத்தனையும் செய்து தோற்றால்? தோற்றுப்போ, ஆனால் களத்தை விட்டுப் போகாதே! 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். பி.டி. உஷா 55.42 விநாடி, ருமேனியாவின் கோஜோகாரு 55.41. வெண்கலம் போயிற்று. அடுத்த ஆண்டே ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் உஷா ஐந்து தங்கம் அள்ளினார். அவற்றில் ஒன்று, அதே 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில்!