எதிராளி வராத வெற்றி

பந்தயத்துக்கு ஒரே குதிரைதான் வந்து நிற்கிறது என்றால் அது ஓடக்கூட வேண்டியதில்லை. திடலை நடந்து கடந்தாலே வென்றதாகிவிடும். இங்கிலாந்தின் பந்தயத் திடல்களில் இதற்கு ‘வாக்ஓவர்’ என்று பெயர். சடங்கில் மட்டும் குறை வைப்பதில்லை. ஜாக்கி எடை பார்த்து, சேணம் பூட்டி, ஏறி உட்கார்ந்து, நடுவர் மேடையைத் தாண்டிப் போயாக வேண்டும். லாயத்தில் நின்றபடி பரிசு வாங்க முடியாது. டென்னிஸ், தேர்தல் என்று சொல் பரவிய பிறகு, உழைக்காமல் கிடைத்தது என்ற இளக்காரமும் அதோடு ஒட்டிக்கொண்டது.

அந்த இளக்காரம் நியாயம்தானா? தத்துவஞானி பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட ‘வெட்டுக்கிளி’ என்ற நூலில், தேவையில்லாத தடைகளை விரும்பி ஏற்றுக்கொண்டு தாண்ட முயல்வதே விளையாட்டு என்றார். பந்தயத்தில் பெரிய தடை மற்றக் குதிரைகள்தாம். அவை இல்லையென்றால் தாண்டுவதற்கு என்ன இருக்கிறது? ஜெர்மன் தத்துவஞானி ஹெகலின் வழியில் யோசித்தால் நிலைமை இன்னும் மோசம்: இன்னொருவர் ஒப்புக்கொள்ளாத மேன்மை அரைகுறையானது.

ஆனால் வராமல் இருப்பதே சில நேரம் ஒப்புதலாகிவிடுகிறது. 1769, 1770ஆம் ஆண்டுகளில் ஓடிய எக்லிப்ஸ் என்ற குதிரை 18 பந்தயங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அவற்றில் எட்டு வாக்ஓவர். அதோடு மோதுவது வீண் என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. பழங்கால அரசர்களின் அசுவமேத வேள்வி இதையே விதியாக வைத்திருந்தது. ஓராண்டுக்கு அவிழ்த்துவிடப்பட்ட வேள்விக் குதிரையை மறிக்காத அரசன், அதை அனுப்பியவனின் தலைமையை ஏற்றவன். குதிரைக்குத்தான் இதில் லாபமில்லை. கடைசியில் அதைப் பலியிட்டுவிடுவார்கள்.

1908 லண்டன் ஒலிம்பிக்கில் நடந்தது வேறு. 400 மீட்டர் இறுதி ஓட்டத்தில் பிரிட்டனின் விண்டம் ஹால்ஸ்வெல்லை மறித்தார் என்று அமெரிக்காவின் ஜான் கார்பென்டர் நீக்கப்பட்டார். மறு ஓட்டம் அறிவிக்கப்பட்டது; மற்ற இரு அமெரிக்கர்களும் வர மறுத்தார்கள். ஹால்ஸ்வெல் தன்னந்தனியாக 50 விநாடிகளில் ஓடித் தங்கம் பெற்றார். விதிப்படி இதில் குறையில்லை. ஆனால் எக்லிப்ஸுக்கு எதிரே யாரும் நிற்காதது அதன் வேகத்துக்குச் சான்று. ஹால்ஸ்வெல்லுக்கு எதிரே யாரும் நிற்காதது நடுவர்கள் மீதான கோபத்துக்கு மட்டுமே சான்று.

டென்னிஸில் ஆட்டம் தொடங்கும் முன்பே எதிராளி காயத்தால் விலகும்போது கிடைக்கும் வாக்ஓவரில் ஒப்புதலும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. வந்து நின்றவருக்கு அடுத்த சுற்றில் ஓர் இடம் கிடைக்கிறது. அவர் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.