வயிற்றுப் பிள்ளையும் 120 நாள் கணக்கும்

 

மந்தைவெளியில் வசிக்கும் இளந்தம்பதியர் இருவர் சென்ற மாதம் நம் வீட்டுக்கு வந்தனர். தலைப்பிள்ளை. டாக்டர் கணக்கில் 22 வாரம். பிள்ளைக்கு மண்டை ஓடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகவில்லை என்று ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. மூன்றாம் மாதத்திலேயே எடுக்கச் சொல்லியிருந்தார்கள். "அல்லாஹ் கொடுப்பதைக் கருவி வைத்துப் பார்ப்பானேன்?" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்களாம். "ஹஜ்ரத், இப்போது கலைத்துவிடலாமா?" என்று கணவர் கேட்டார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை.

பெரியவர்கள் ஈமானோடுதான் சொன்னார்கள். ஆனால் தவக்குல் என்பது அதுவன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, பிறகு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படியல்லவா நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள்! ஸ்கேன் என்பது எக்ஸ்ரே அல்ல. காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைப் படமாக்குவது. மந்தைவெளிக்காரர்கள் இதற்காக அலையவும் வேண்டியதில்லை. டாக்டர் எஸ். சுரேஷ் நிறுவிய மெடிஸ்கேன், பக்கத்து மயிலாப்பூரில்தான் இருக்கிறது. ஆணா பெண்ணா என்று மட்டும் எங்கும் கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது, பெண்மகவைப் புதைத்த ஜாஹிலிய்யாக் கூட்டத்தை நம் மார்க்கம் அதற்கு முன்பே கண்டித்துவிட்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். கருவில் 120 நாள் கழிந்தபின் ரூஹு ஊதப்படுவதை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீதிலிருந்து உலமாக்கள் விளக்குகிறார்கள். மக்காவில் ராபிதாவின் பிக்ஹு சபை 1990-இல் கூடித் தந்த தீர்ப்பும் இந்த எல்லையை வைத்தே அமைந்தது. பிள்ளைக்குச் சிகிச்சையில்லாத கடும் ஊனம் என்று நம்பிக்கைக்குரிய நிபுணர்கள் குழு உறுதிசெய்தால், 120 நாளுக்குள் பெற்றோர் விரும்பினால் கலைக்க அனுமதி உண்டு. அந்நாள் கடந்தபின், தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலன்றி, இல்லை.

நம்மவர் தடுமாறும் இடம் இதுதான். டாக்டர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள்; கரு தங்குவதோ சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆக, 120 நாள் என்பது டாக்டர் கணக்கில் ஏறக்குறைய 19 வாரம். முதுகுத்தண்டை நுணுகிப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில் எடுக்கப்படுகிறது. அதை ஒரு வாரம் தள்ளிப்போட்டால்கூட எல்லை கடந்துவிடலாம்! மண்டை ஓடு இல்லாத குறையோ 11 முதல் 14 வாரத்துக்குள்ளேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். 2021-இல் திருத்தப்பட்ட நாட்டுச் சட்டம், கடும் குறையானால் மருத்துவக் குழுவின் ஒப்புதலோடு 24 வாரத்துக்கு மேலும் இடம் தருகிறது. சட்டம் விட்டது எல்லாம் ஷரீஅத் விட்டது ஆகாது.

குறை என்றதும் கலைப்பு என்று எண்ணுவதும் தவறு. முதுகுத்தண்டு மூடாத பிள்ளைகள் பலர் அறுவைச் சிகிச்சையோடு வாழ்கிறார்கள், படிக்கிறார்கள். முன்கூட்டித் தெரிந்தால், மூளை நரம்பு அறுவை நிபுணர் இருக்கும் மருத்துவமனையில் பிரசவம் பார்க்கலாம். மூளை வளராத பிள்ளையின் நிலை வேறு. அது பிறந்தாலும் தங்குவது அரிது.

இந்தக் குழாய் கரு தங்கிய 28 நாளுக்குள் மூடிவிடுகிறது; பல பெண்களுக்கு ஹமல் என்றே அப்போது தெரியாது. ஆகவே நிக்காஹ் நாள் குறித்ததுமே தினம் 400 மைக்ரோகிராம் போலிக் அமில மாத்திரையை மணப்பெண்ணுக்குத் தொடங்குங்கள். சீர்வரிசைப் பட்டியலில் இதையும் எழுதினால் என்ன? முன்பு இப்படிப் பிள்ளை பெற்றவர்களுக்கு அளவு அதிகம், டாக்டர்தான் சொல்ல வேண்டும். அத்தகைய தாய்மாரில் பத்தில் ஏழு பங்கு தடுக்கப்பட்டதாக 1991-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது.

அந்தத் தம்பதியருக்கு 140 நாள் ஆகிவிட்டது. கலைக்க அனுமதி சொல்ல நம்மால் இயலவில்லை. தாயின் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர்கள் சொன்னால், நம்மைத் தேடி வந்து நேரம் கழிக்காமல் அவர்கள் சொற்படி செய்யுங்கள் என்றோம். அப்போதுதான் அந்தப் பெண் வாய் திறந்தார்: "பிறந்து கொஞ்ச நேரம் இருந்தா, பேர் வைக்கலாமா?"

வைக்கலாம், அம்மா. உயிரோடு பிறந்து ஒரு குரல் கொடுத்தாலும் போதும். பெயரிட்டு, குளிப்பாட்டி, கபனிட்டு, ஜனாஸாத் தொழுகை தொழுது அடக்கம் செய்வோம். தொழவைக்க நாமே வருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம்.