முடிஞ்சுதே, பிள்ளை?

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரும் மாமி, கை கழுவ முதலே என் மகளிடம் ஒரு கேள்வி கேட்பார்: "முடிஞ்சுதே, பிள்ளை?" நாலு வருஷமாக இதே கேள்விதான். "இல்லை அம்மம்மா, இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்பது நாலு வருஷமாக அதே பதில். மாமிக்கு எண்பத்திநாலு வயது. ஒரு கண் மங்கிவிட்டது. போன குளிர்காலத்திலிருந்து, கேட்ட கேள்வியைச் சாப்பாடு முடிவதற்குள் இன்னொரு தடவையும் கேட்கத் தொடங்கியிருக்கிறார். மகள் இரண்டாவது தடவையும் முதல் தடவையைப் போலவே பதில் சொல்கிறாள்.

முடியவேண்டியது ஓர் அனிமேஷன் படம். ஒன்பது நிமிடம். 1992இல் மாமி தன் கடைசி மகனோடு கிளாலியில் படகேறிக் கடல்நீரேரியைக் கடந்த இரவுதான் கதை. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த அந்த வருஷங்களில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்கள் அந்தத் தண்ணீரை இருட்டில்தான் கடந்தார்கள். கடற்படையின் சூட்டில் பலர் கரை சேராமலே போனார்கள். மாமி சேர்ந்தார். அவர் சொன்னதை மகள் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறாள். படத்தில் வேறு குரல் கிடையாது.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் இது நடக்கிறது. பகலில் மகள் ஒரு ஸ்டூடியோவில் ஒப்பந்த வேலை செய்கிறாள். தொலைக்காட்சித் தொடருக்காக யாரோ உருவாக்கிய நாயையும் பூனையையும் ஓடவிடுவது அவள் தொழில். இரவில்தான் படகு. ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள். ஒரு சித்திரத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திவைத்துச் சிக்கனம் செய்தால் விநாடிக்கு 12 சித்திரங்கள் போதும். அப்படிப் பார்த்தாலும் ஒன்பது நிமிடத்துக்கு 6,480 சித்திரங்கள். ஆனால் தண்ணீருக்கு அந்தச் சிக்கனம் சரிவராது, அது தடக்கித் தடக்கி நகரும் என்கிறாள். எனவே தண்ணீர் வரும் இடமெல்லாம் விநாடிக்கு 24. படம் முழுக்கத் தண்ணீர்.

இந்த நாலு வருஷத்தில் நான் அவளுக்குச் சொன்ன புத்திமதிகளை இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. நாளுக்கு இத்தனை சித்திரம் என்று கணக்கு வை, கைபேசியை மேல்மாடியில் விட்டுவிட்டுப் போ, சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டு. ஊக்கம் என்பது எண்ணெய் போலவும், அது தீர்ந்துவிட்டால் ஊற்றிவிடலாம் என்பது போலவும் பேசினேன். 1998இல் தொடங்கிய ஒரு நாவலை, அதன் மூன்றாம் அத்தியாயத்தில், ஒரு சூட்கேசில் வைத்திருக்கிற மனிதன் இதைச் சொன்னான் என்பதையும் இங்கே எழுதிவிடவேண்டும்.

அவள் மேசையில் தடித்த புத்தகம் ஒன்று கிடக்கும். 'தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்', 2001இல் வந்தது. அனிமேஷன் படிக்கும் பிள்ளைகளிடம் அநேகமாக இருக்கும் புத்தகம். எழுதிய ரிச்சர்ட் வில்லியம்ஸ் 1933இல் இதே ரொறன்ரோவில் பிறந்தவர். ஐந்து வயதில் டிஸ்னியின் 'ஸ்னோ வைட்' பார்த்து, வாழ்க்கை அதுதான் என்று தீர்மானித்தவர். இந்தத் துறையில் வேலையை முடிக்காமல் விட்டதற்கு அவரளவு பெயரெடுத்தவர்கள் குறைவு. மொஸ்கோவில் யூரி நோர்ஸ்டெயின் 1981இல் தொடங்கிய 'மேலங்கி'யை விட்டால் வேறொன்றை என்னால் சொல்லமுடியவில்லை.

வில்லியம்ஸ் லண்டனில் ஸ்டூடியோ வைத்திருந்தார். 1964இல் முல்லா நஸ்ருதீன் கதைகளை வைத்து ஒரு முழுநீளப் படம் தொடங்கினார். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கதைகளுக்கு உரியவர்களோடு பிணக்கு வந்தது. நஸ்ருதீனைக் கழற்றிவிட்டு, பக்கப் பாத்திரமாக இருந்த கள்வனையும் புதிதாக ஒரு சப்பாத்துத் தைப்பவனையும் வைத்துத் தொடர்ந்தார். அதுதான் 'தி தீஃப் அண்ட் த கொப்ளர்'. விளம்பரப் படம் செய்து வந்த காசையெல்லாம் இதற்குள் போட்டார். ஒஸ்கார் வாங்கினார், 'றொஜர் ரபிட்' படத்துக்கு 1989இல் இன்னும் இரண்டு ஒஸ்கார் வாங்கினார். அந்தப் புகழில்தான் வோர்னர் பிரதர்ஸ் பணம் தர முன்வந்தது. ஆனால் பெரிய பணத்தோடு உத்தரவாத நிறுவனம் ஒன்றும் கூடவே வரும். குறித்த நாளில், குறித்த செலவில் படம் முடியாவிட்டால் படத்தை எடுத்துக்கொண்டு போய்த் தானே முடிப்பது அதன் வேலை. நாள் தவறியது. 1992 மே மாதம், வரைவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களே மிச்சமிருக்க, படத்தை அவர் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இருபத்தெட்டு வருஷம் ஒரே படத்தில் கிடந்த மனிதனிடம் ஊக்கம் குறைவு என்று யாரும் சொல்லமுடியாது. மனம் சிதறியது என்றும் சொல்லமுடியாது. அப்படியானால் எது குறைந்தது? இந்தக் கேள்வியோடு நான் கொஞ்சக் காலம் அலைந்தேன். குறைந்தது என்பதே தப்பான சொல்லோ என்றும் பட்டது. அவரிடம் ஒன்று கூடிப்போயிருந்தது. முடிந்த காட்சியை மறுபடி பிரித்துத் திருத்துகிற ஒருவர் சோம்பேறி அல்ல. இந்தப் படம் இவ்வளவுதான் என்று சொல்ல ஒப்பாதவர். முடித்தல் என்பது உழைப்பின் கடைசித் துண்டு என்று நாம் நினைக்கிறோம். எனக்கு அது வேறு சாதி வேலையாகத் தெரிகிறது. மனதில் இருந்த படத்தைச் சாகவிட்டு, கையில் இருக்கிற படத்தோடு வாழச் சம்மதிப்பது அது. சம்மதத்துக்கு நாட்காட்டி உதவாது.

இவ்வளவோடு நின்றால் வில்லியம்ஸ் கலைக்காகத் தன்னைக் கொடுத்த பாவப்பட்ட மனிதர். ஆனால் அவர் தன்னை மட்டும் கொடுக்கவில்லை. கென் ஹாரிஸ், கிரிம் நட்விக், ஆர்ட் பாபிட் என்று ஹொலிவூட்டின் பழைய பெரிய கைகளை அழைத்து வந்து தானும் கற்றார், தன் பிள்ளைகளுக்கும் கற்பித்தார். அவர்கள் அந்தப் படத்துக்கு வரைந்தார்கள். ஹாரிஸ் 1982இல் இறந்தார். நட்விக் நூறு வயதில், 1990இல். பாபிட் 1992 மார்ச்சில், படம் பறிபோவதற்கு இரண்டு மாதம் முன்பு. பின்னணி ஓவியங்களைச் செய்த எரொல் லு கெய்ன், சிங்கப்பூரில் பிறந்து ஆக்ராவில் வளர்ந்தவர், 1989இலேயே போய்விட்டார். இவர்களில் ஒருவரும் படத்தைப் பார்க்கவில்லை. ஒரு மனிதனின் முழுமை ஆசைக்கு இன்னொருவரின் வயதைச் செலவழிக்க உரிமை உண்டா? அந்த மூத்தவர்கள் தங்கள் கடைசிக் காலத்தில் மிக நல்ல வேலையைச் சந்தோஷமாகச் செய்தார்கள், அதுவே போதும் என்று ஒரு பதில் சொல்லலாம். எனக்கு அந்தப் பதில் முழுக்க ஒட்டவில்லை. வேலை செய்த சந்தோஷம் அவர்களுடையது. கணக்கு முடிக்கவேண்டியது அவர் பொறுப்பு.

இந்த இடத்தில் 'என் சரித்திரம்' நினைவுக்கு வருகிறது. ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோது, 1942இல் உ.வே.சாமிநாதையர் இறந்துபோக, அது பாதியில் நின்றது. யாரும் அவரைக் குறை சொல்வதில்லை. மரணம் நல்ல சாட்டு. உயிரோடிருக்கிறவனுக்குத்தான் சாட்டுக் கிடைப்பதில்லை.

ஆனால் முடித்துவிட்டால் எல்லாம் சரி என்பதும் இல்லை. வில்லியம்ஸிடமிருந்து எடுத்த படத்தை வேறு ஆட்கள் முடித்தார்கள், 1993இலும் 1995இலும் இரண்டு விதமாக வெளியிட்டார்கள். கள்வனும் சப்பாத்துத் தைப்பவனும் பேசாப் பாத்திரங்களாக இருந்தவர்கள். தைப்பவனுக்குக் குரல் கொடுத்தார்கள், அமெரிக்கப் பதிப்பில் கள்வனையும் பேசவிட்டார்கள், பாட்டுகளை நுழைத்தார்கள். முடிந்த படம் அதுதான். ஆனால் இன்று அனிமேஷன்காரர்கள் தேடிப் பார்ப்பது, பென்சில் கோடுகள் அப்படியே கிடக்கும் 1992ஆம் ஆண்டு வேலைப் பிரதியை. 2013இல் வில்லியம்ஸ் தானே அதை ஒஸ்கார் அகடமியில் திரையிட்டார். முடிந்தது பிணமாகவும் முடியாதது உயிரோடும் இருக்கிற விந்தை.

கழுகுமலைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து இறக்கிய ஒற்றைக்கல் கோயில். சிகரமும் நந்திகளும் சிற்பங்களும் நேற்றுச் செய்ததுபோல நிற்க, அடித்தளம் வெறும் பாறையாகவே விடப்பட்டிருக்கிறது. ஏன் நின்றது என்பதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். மேலே தகப்பன் செதுக்க, கீழே மகன் செதுக்கினானாம். மகனின் வேலையைச் சனம் புகழ்ந்தது பொறுக்காமல் தகப்பன் உளியால் அடித்துக் கொன்றானாம். கதை உண்மையோ பொய்யோ, நிலக்கீழ் அறைப் படிகளில் இறங்கும்போது எனக்கு அந்தத் தகப்பன் ஞாபகம் வருவதுண்டு. நான் கேட்கும் "எப்ப முடியும்?" எல்லாம் அன்பினால் மட்டும் வருவதில்லை. சூட்கேசில் கிடக்கும் மூன்றாம் அத்தியாயமும் அதில் பேசுகிறது.

அதற்காக நீண்ட வேலை எல்லாமே இப்படித்தான் போகும் என்றில்லை. மொன்றியலில் ஃபிரெடெரிக் பாக் இருந்தார். ரேடியோ கனடாவில் வேலை. 'மரங்களை நட்ட மனிதன்' என்ற அரைமணி நேரப் படத்தை, உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு, ஐந்து வருஷத்தில் செய்து 1987இல் முடித்தார். மங்கலான பிளாஸ்டிக் தாளில் வர்ணப் பென்சிலால் ஆயிரக்கணக்கான சித்திரங்கள். வர்ணம் உதிராமல் தெளிக்கும் திரவத்தால் ஒரு கண்ணின் பார்வையை அதற்கு முன்பே இழந்திருந்தார். அவரால் ஏன் முடிந்தது? மாதச் சம்பளம் ஒரு காரணம், அதை மறைக்கக்கூடாது. எங்கள் வீட்டில் அந்தச் சம்பளம் நாயும் பூனையும் வரைந்து வருகிறது. ஆனால் இன்னொன்றும் இருந்தது என்று நினைக்கிறேன். பாக் மரம் நடுகிறவர். பார்க்கிறவனும் போய் ஒரு மரம் நடவேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம். படத்துக்கு வெளியே ஒன்று அதற்காகக் காத்திருந்தது. வில்லியம்ஸின் படத்துக்கு அந்தப் படமே எல்லாமாக இருந்தது.

இதை ஒரு கண்டுபிடிப்பைப்போல மகளிடம் கொண்டுபோனேன். "உன்ரை படத்துக்கு வெளியிலை அம்மம்மா காத்துக்கொண்டிருக்கிறா. அவவுக்குக் கண் தெரியிற காலத்திலை காட்டவேண்டாமோ? தண்ணி கொஞ்சம் தடக்கினால் அவ கவனிக்கப் போறாவே?"

அவள் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் தமிழில் நீளமாகப் பேசுவது அபூர்வம். "அப்பா, அம்மம்மாவுக்காக எண்டு நீங்கள் சொல்லுறியள். அவ இஞ்ச இருக்கிறா. அண்டைக்குப் பின்னாலை வந்த வள்ளத்திலை இருந்த ஆக்கள் இல்லை. அவையள் செத்தது இந்தத் தண்ணியிலை. நான் அதைச் சும்மா கீறிவிடேலாது."

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. நான் ஒரு கடனைத்தான் கணக்கில் எடுத்திருந்தேன். அவள் இரண்டைச் சுமந்துகொண்டிருந்தாள். உயிரோடிருப்பவருக்குக் கொடுக்கவேண்டியது நேரம், இறந்தவர்களுக்குக் கொடுக்கவேண்டியது கவனம். ஒன்றைத் தீர்க்கப் போனால் மற்றது ஏறுகிறது. இதைச் சோம்பல் என்றும் கவனச் சிதறல் என்றும் நாலு வருஷம் நான் பெயர் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதே நேரம், அவள் சொன்னது முழுக்கச் சரி என்றும் எனக்குப் படவில்லை. இறந்தவர்கள் எவ்வளவு கவனத்தையும் வாங்கிக்கொள்வார்கள். போதும் என்று அவர்கள் சொல்வதில்லை. வில்லியம்ஸும் வாழ்நாள் முழுக்க அப்படிப் 'போதும்' சொல்லாத ஒன்றுக்குத்தான் வேலை செய்தார். 2015இல் 'புரொலொக்' என்று ஆறு நிமிடப் படம் ஒன்றை முடித்தார், அதுவும் ஒரு நீண்ட படத்தின் முன்னுரையாக. 2019இல் அவர் இறந்தபோது மிச்சம் வரவில்லை.

இதையும் அவளிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கிழமை கழித்து ஒரு காரியம் செய்தாள். முடிந்த காட்சிகள், முடியாத காட்சிகள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, முடியாதவற்றுக்குப் பதிலாகப் பென்சில் கிறுக்கல்களை வைத்து, மாமியின் குரலை முழுதாக ஓடவிட்டு ஒன்பது நிமிடத்துக்குக் கட்டினாள். தொழிலில் இதற்கு அனிமேட்டிக் என்று பெயர். படம் தொடங்குமுன் செய்வது. அவளும் செய்துதான் இருந்தாள், நாலு வருஷத்துக்கு முன். இம்முறை அதை மாமிக்குக் காட்டப்போவதாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சிக்கு ஒரு முழம் தள்ளிக் கதிரை போட்டு மாமியை இருத்தினோம். முதல் மூன்று நிமிடம் வர்ணத்தோடு ஓடியது. பிறகு நிறம் போய்க் கோடுகள் வந்தன. மாமி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வட்டமும் ஒரு முக்காடும். பக்கத்தில் சின்ன வட்டம், என் மச்சான். கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்த மாமிக்கு, வர்ணம் நின்றது தெரிந்ததோ இல்லையோ, குறையாகப் படவில்லை. நடுக்கடலில் எழுதாத வெள்ளைத் தாள் ஒன்று பதினொரு விநாடி நின்றது. மகள் அதில் மோட்டர்ச் சத்தத்தை விட்டிருந்தாள்.

"மோட்டர் ஓடேல்லை" என்றார் மாமி.

மகள் படத்தை நிறுத்தினாள்.

"அதிலை மோட்டரை நிப்பாட்டிப் போட்டினம். தூரத்திலை நேவிக்காரன்ரை லைற் தெரிஞ்சது. கனநேரம். ஒருத்தரும் கதைக்கேல்லை. தண்ணி வள்ளத்திலை வந்து தட்டுற சத்தம் மட்டும்தான். உன்ரை மாமா என்ரை கையைக் கடிச்சுக்கொண்டிருந்தவன், அழாமல் இருக்க."

முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கதையைக் கேட்டிருக்கிறோம். ஒலிப்பதிவிலும் இது இல்லை. மனைவி குசினி வாசலில் துவாயோடு நின்றாள்.

மகள் கொப்பியை எடுத்து எழுதினாள். மோட்டர்ச் சத்தம் வெட்டு. லைற், தூரத்தில். கை.

"அப்ப இன்னும் ரெண்டு ஷொட் கூடச் செய்யவேணும்" என்றாள் என்னைப் பார்த்து. நான் ஒன்றும் சொல்லவில்லை.

"சோறு ஆறுது, வாங்கோ" என்று மனைவி கூப்பிட்டாள். மாமி எழும்பவில்லை. "மிச்சத்தையும் போடு, பிள்ளை" என்றார்.