திரும்பி வருவதற்கான அட்டை

மாசி

ஒருவர் எந்தக் கணத்தில் கனடாவின் நிரந்தர வதிவாளர் ஆகிறார் என்று இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். முன்பு அதற்கு ஓர் இடமும் ஒரு முகமும் இருந்தன. விமான நிலையத்திலோ நயாகராவின் ரெயின்போ பாலத்து எல்லைச் சாவடியிலோ ஓர் அதிகாரி சில கேள்விகள் கேட்பார், தாளில் கையெழுத்து வாங்குவார், நல்வரவு சொல்வார். பெருந்தொற்றுக் காலத்தில் அந்தச் சந்திப்பு இணையத்துக்கு மாறியது. ஏற்கெனவே நாட்டுக்குள் வசிக்கிறவர்களுக்கு இரண்டு மின்னஞ்சல்கள் வரும். எங்கள் ஆட்கள் அவற்றை பி1, பி2 என்பார்கள். முதலாவது, கனடாவுக்குள்தான் இருக்கிறீர்களா என்று கேட்கும். இரண்டாவது, இணையத்தளத்துக்குள் நுழைய வழி தரும். அங்கே படத்தை ஏற்றி, முகவரியைக் கொடுத்து, இப்போது இந்த மண்ணில்தான் நிற்கிறேன் என்று உறுதி சொல்ல வேண்டும். பிறகு ஒருநாள் உறுதிப்பத்திரம் அதே தளத்தில் வந்து கிடக்கும். அதில் ஒரு திகதி இருக்கும்.

என்னுடைய திகதி ஒரு செவ்வாய்க்கிழமை. பத்திரத்தைப் பார்த்த பிறகுதான் அன்று என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். வேலைக்குப் போயிருக்கிறேன். வரும் வழியில் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கியிருக்கிறேன். சட்டத்தின் கண்ணில் நான் வேறொருவராகிவிட்ட பொழுது, எனக்குச் சொல்லாமலே நடந்து முடிந்திருந்தது. எனக்கு அது பிடித்திருக்கிறது. யாரும் பார்க்காதபோது நடந்ததால் அது எனக்கு மட்டுமே சொந்தம் போல இருக்கிறது.

‘சின்’ எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கமும் மாறுகிறது. தற்காலிகமாக இருக்கிறவர்களின் இலக்கம் 9இல் தொடங்கும், அதற்கு ஒரு முடிவுத் திகதியும் இருக்கும். வேலை தருகிறவர் அந்த முதல் எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துகொள்வார். புதிய இலக்கத்துக்கு முடிவுத் திகதி கிடையாது. படிவத்தில் அதை எழுதும்போது கை இன்னும் பழைய 9ஐத்தான் தேடுகிறது.

பங்குனி

இனி நிரந்தர வதிவாளர் அட்டை. தளத்தில் ஏற்றிய அந்தப் படத்துக்காக முன்பே ஸ்காபரோவில் ஒரு படக்கடையில் போய் இருந்தேன். சிரிக்கக் கூடாது. அச்சுப் படமென்றால் 50 மில்லிமீற்றர் அகலம், 70 மில்லிமீற்றர் உயரம். நாடியிலிருந்து உச்சந்தலை வரை 31க்கும் 36க்கும் இடையில் இருக்க வேண்டும். அட்டை எந்த முகவரிக்கு வருமோ அந்த முகவரியில் இருக்க வேண்டும் என்பதால் வீடு மாறும் எண்ணத்தையும் தள்ளிப் போட்டாயிற்று.

அட்டைக்கான வேலைகள் நடக்கும் நிலையம் நோவா ஸ்கோஷியா மாகாணத்துச் சிட்னியில் இருக்கிறது. கேப் பிரெட்டன் தீவில், அத்லாந்திக் கரைப் பக்கத்தில் ஒரு சிறு நகரம். நான் அங்கே போனதில்லை. ஆனால் இந்த வாரங்களில் அந்த ஊரைப் பற்றி வாசித்துக்கொண்டே இருக்கிறேன். நிலக்கரியும் உருக்கும்தான் அதன் பிழைப்பாக இருந்தன. உருக்காலையை ஒட்டி விட்னி பியர் என்றொரு குடியிருப்பு. உக்ரைனியர், போலந்துக்காரர், இத்தாலியர், பார்படோஸ் தீவிலிருந்து வந்த கறுப்பினத்தவர் என்று, உலைகளில் வேலை செய்ய வந்தவர்கள் அங்கே குடும்பமாகி, கோயில் கட்டி, தங்கிவிட்டார்கள். 2001இல் உருக்காலை மூடப்பட்டது. இன்று அந்த ஊரின் பிழைப்புகளில் ஒன்று, எங்களைப் போன்றவர்களின் கோப்புகளைத் திறந்து பார்ப்பது.

என் படத்தைத் திரையில் பார்த்து, முகம் சரியான அளவில் இருக்கிறதா என்று கவனிக்கப் போகிறவர், கப்பலில் வந்திறங்கி உலையில் வெந்த ஒருவரின் பேரப்பிள்ளையாக இருக்கலாம். அவருக்கும் எனக்கும் இடையில் இருப்பது ஒரு திரையும் ஒரு வரிசையும் மட்டுமே என்று நினைக்கும்போது காத்திருப்பு கொஞ்சம் இலேசாகிறது. அலுவலகம் என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் யாரோ ஒருவரின் மேசை இருக்கிறது.

சித்திரை

“காட் வந்திட்டுதே பிள்ளை?”

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். இன்று இன்னொன்றும் கேட்டார்: “பி.ஆர். கிடைச்சிட்டுது எண்டு சொன்னனீ. பிறகேன் காட்டைப் பாத்துக்கொண்டிருக்கிறாய்?”

விளங்கப்படுத்தினேன். சொல்லச் சொல்ல எனக்கே தெளிந்தது. உரிமை எனக்குக் கிடைத்துவிட்டது, அது அட்டையில் இல்லை. அட்டை காலாவதியானாலும் உரிமை போகாது. வேலைத்தலத்திலோ வங்கியிலோ உறுதிப்பத்திரத்தைக் காட்டிச் சமாளிக்கலாம். ஆனால் அது பயண ஆவணம் அல்ல. கட்டுநாயக்காவில் விமான நிறுவனத்தின் மேசையில் நிற்கும்போது அட்டைதான் வேண்டும். இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்தபடியே விண்ணப்பித்து, ஒரு பயண ஆவணம் எடுத்த பிறகே ஏறலாம்.

ஆக, இங்கேயே நிரந்தரமாக இருந்துவிடுகிறவருக்கு இந்த அட்டையால் பெரிய பயன் இல்லை. போய் வர வேண்டியவருக்கே அது தேவை. இத்தனை வாரங்களாகத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடியது இந்த நாட்டில் இருக்க அல்ல, அம்மாவிடம் போக. அம்மாவும் அங்கே இருந்து அதே கடித உறைக்காகத்தான் காத்திருக்கிறார். எங்கள் இருவரில் அவருடைய காத்திருப்பே நீண்டது என்று நினைக்கிறேன். எனக்குத் தளத்தில் பார்க்க ஏதாவது இருக்கிறது. அவருக்கு என் குரல் மட்டும்தான்.

போனாலும் நாட்கணக்கு கூடவே வரும். எந்த ஐந்து ஆண்டுகளிலும் 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். குடியுரிமை கேட்பதென்றால் 1,095. தற்காலிகமாக இருந்த காலத்து நாளொன்று அரைநாளாக, மொத்தம் 365 வரை சேரும். அம்மாவோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் இங்கே ஒரு கழித்தல். அந்தக் கணக்கைச் சுமந்துகொண்டு அவருக்கு முன்னால் இருக்க நான் விரும்பவில்லை.

வைகாசி

எங்கள் மாடிக் கட்டடத்தில் இருக்கும் ஓர் ஐயா தன்னுடைய நிரந்தர வதிவிடத் தாளான லாண்டிங் பேப்பரைக் காட்டினார். பொலித்தீன் உறைக்குள், மடிப்புகள் கிழியாமல் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார். 1989 தை முதலாம் திகதி அகதிகள் சபை தொடங்குவதற்கு முன் வந்தவர். அப்போது தேங்கிக் கிடந்த கோப்புகளுக்குள் அவருடையதும் ஒன்று. அவருடைய காலத்தில் அட்டையே இல்லை. 2002 ஆனியில் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அட்டை வந்தது. அவர் குடியுரிமை எடுத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. “முதியோர் பென்சனுக்கு எழுதேக்கை எப்ப வந்தனீங்கள் எண்டு கேட்பாங்கள்,” என்று மறுபடி உறைக்குள் வைத்தார்.

கூட வேலை செய்கிற தம்பியின் கதை வேறு. போர் முடிந்த பிறகு வந்து, அகதியாக ஏற்கப்பட்டு, போன வருடம் அட்டை பெற்றவர். அவரால் ஊருக்குப் போக முடியாது. 2012 மார்கழியில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அகதியாக ஏற்கப்பட்ட ஒருவர் தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக மீண்டும் நாடினார் என்று முடிவானால், அகதி நிலையோடு நிரந்தர வதிவிட உரிமையும் போய்விடும். ஊருக்குப் போய் வந்ததும் சான்றாகலாம், இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்ததும் சான்றாகலாம். சாவு வீட்டுக்குத்தான் போனேன் என்று சொன்னாலும் விசாரணை விசாரணைதான். இது நீதியானதென்று எனக்குப் படவில்லை. தாயைப் பார்க்கப் போகிறவர் எந்த அரசின் பாதுகாப்பையும் தேடிப் போவதில்லை.

அதனால் தம்பியின் அம்மா திருச்சிக்கு வந்தார். நீண்ட அலைச்சலுக்குப் பிறகு இந்திய விசா கிடைத்து இவர் போனார். வாடகை அறையொன்றில் சமைத்துச் சாப்பிட்டு இருந்துவிட்டு, அவரவர் திசையில் திரும்பினார்கள்.

என் அட்டைக்காக நான் காத்திருப்பது அவருக்குத் தெரியும். நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்: “அக்கா, நீங்கள் போனால் புதுக்குடியிருப்புப் பக்கம் போவீங்களே? எங்கடை காணியிலை கிணறு இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ.” இடத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் பரந்தன் சந்தி வரை போய், அங்கிருந்து முல்லைத்தீவு பஸ் எடுத்தால் புதுக்குடியிருப்பில் இறங்கலாம்.